ஏற முடிந்த கரையில் இறங்குங்கள்

சென்ற மாதம் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், இளம்பிள்ளை வாதத்தால் கால் வலுவிழந்த நான் சக்கர நாற்காலியில் இருந்தபடியே காவிரியில் தூண்டில் போடுவதைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு பெங்களூரின் பல பேட்டைகளிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் தூண்டிலுக்கே.

அன்புள்ள அம்மா, விபத்தில் தண்டுவடம் அடிபட்டு என் தம்பி இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறான். மறுவாழ்வு மையத்தில் அவனுக்குக் கிடைத்த நண்பர்களையும் சேர்த்து நான்கு பேர். மூவர் சக்கர நாற்காலி, ஒருவர் காலில் பூட்டும் தாங்குசட்டமான காலிப்பரும் ஊன்றுகோலும். ஜனவரியில் காவிரிக்கு மீன் பிடிக்கப் போக ஆசைப்படுகிறார்கள். பீமேஸ்வரி போகலாம் என்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது?
*வாசகர், விவேக் நகர்*

பீமேஸ்வரியில் தூண்டில் போட முடியாது, தம்பி. பீமேஸ்வரி, தொட்டமாகளி, முத்தத்தி எல்லாம் 1987-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகின்றன. ஒரு காலத்தில் வெளிநாடுகளிலிருந்தெல்லாம் மகசீர் என்ற பெரிய ஆற்று மீனைத் தேடி வந்தவர்களின் முகாம்கள் அங்கே இருந்தது உண்மை. பழைய படங்களைப் பார்த்துத்தான் உங்கள் தம்பியின் நண்பர்கள் கேட்டிருப்பார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பது குற்றம். ரங்கனதிட்டுப் பறவைச் சரணாலயத்தை ஒட்டிய நீரும் வேண்டாம். குடகில் வால்நூர்ப் பக்கம் தூண்டில்காரர்களிடையே பேர் போன இடம். ஆனால் பெங்களூரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். முதல் பயணத்திலேயே அவ்வளவு நேரம் ஒரே இருக்கையில் உட்காருவது தண்டுவடக் காயம் உள்ளவரின் தோலுக்கு நல்லதல்ல.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கீழே, சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள ஆற்றங்கரைக் கிராமங்களைப் பாருங்கள். ஏறத்தாழ 125 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் வெயிலுக்கு முன்பே போய்ச் சேரலாம். ஆற்றுத் துண்டுகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் சங்கத்திடமோ ஏலம் எடுத்தவரிடமோ இருக்கும். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வனத்துறை எல்லை எங்கே முடிகிறது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. நால்வரையும் அழைத்துப் போவதற்கு முன் நீங்களும் உடல்வலு உள்ள இன்னொருவரும் ஒரு நாள் தனியாகப் போய்க் கரையைப் பார்த்து வாருங்கள். காலியான ஒரு சக்கர நாற்காலியையும் கொண்டுபோங்கள். ஒருவரை உட்கார வைத்துத் தள்ளிப் பாருங்கள். "அங்கே மீன் இருக்கிறதா?" என்று ஊரில் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். "அங்கிருந்து நாற்காலி திரும்பி ஏறுமா?" என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். எந்தக் கரையிலும் இறங்கிவிடலாம். நான்கு மணி நேரம் வெயிலில் இருந்து, கை சோர்ந்து, துணைக்கு வந்தவர்களும் களைத்த பிறகு ஏறுவதுதான் சோதனை. ஏற முடியாத கரையில் எவ்வளவு பெரிய மீன் இருந்தாலும் அது நமக்கான கரை இல்லை.

கணக்கு எளிது. சாய்தளம் கட்டுகிறவர்கள் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தைப் பின்பற்றுவார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு. ஆறடி உயரக் கரைக்கு எழுபத்திரண்டு அடிச் சரிவு வேண்டும். எந்த ஆற்றங்கரையிலும் அது இருக்காது. ஆகவே வண்டி நிற்கும் மட்டமும் நீங்கள் உட்காரும் மட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். பழைய துறைகள், பரிசல் கரையேறும் இடங்கள், மாட்டு வண்டி இறங்கிய தடங்கள் ஆகியவற்றில் இப்படிப்பட்ட இடம் கிடைக்கும். மண் கெட்டியாக இருக்கிறதா என்று குதிகாலால் அழுத்திப் பாருங்கள். நாற்காலி ஒவ்வொன்றுக்கும் இரண்டு மீட்டர் சமதளம் வேண்டும். கரை, நீரிலிருந்து ஓரிரு அடிதான் உயர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உட்கார்ந்தபடி கைவலையால் மீனை எடுக்க முடியாது. நிழலுக்கு நீர்மருது மரம் இருந்தால் அந்த இடத்தை விடாதீர்கள்.

படித்துறையை நம்பாதீர்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறைகள் அழகானவை, ஆனால் படிகள் நமக்குச் சுவர். தவிரவும் பச்சிமவாகினி போன்ற இடங்களில் அஸ்தி கரைக்க வருகிறவர்கள் துக்கத்தோடு நிற்கிறார்கள். அங்கே தூண்டிலை நீட்டுவது முறையல்ல. விஸ்வேஸ்வரய்யா கால்வாய் போன்ற சிமெண்ட் கால்வாய்க் கரைகள் மட்டமாக இருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ஓட்டம் வேகமானது, பக்கங்கள் வழுக்கும். உள்ளே சரிந்தால் கால் நன்றாக உள்ளவர்களே ஏறுவது கடினம்.

மணல் குறுக்கிட்டால் நான்குக்கு இரண்டு அடி பிளைவுட் பலகைகள் மூன்று எடுத்துப் போங்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, நாற்காலி கடந்ததும் பின்பலகையை எடுத்து முன்னால் போட வேண்டும். பலகை இல்லாத இடத்தில் நாற்காலியைப் பின்பக்கமாக இழுங்கள். சிறிய முன்சக்கரங்கள்தான் மணலில் புதையும், பெரிய சக்கரம் முந்திப் போனால் வண்டி நகரும். சரிவில் இறங்கும்போதும் அப்படியே: உட்கார்ந்திருப்பவர் மேட்டைப் பார்த்திருக்க, தள்ளுபவர் கீழே நின்று தாங்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

நாற்காலியை ஆற்றை நோக்கி நிறுத்தாதீர்கள். கரைக்குப் பக்கவாட்டாக நிறுத்தி, பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அல்லது மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். நீர்ப்பக்கம் குறுக்கே ஒரு கனமான கட்டையைத் தரையில் கிடத்துங்கள். எல்லாரும் மிதவை ஜாக்கெட் அணிய வேண்டும், நீச்சல் தெரிந்தவரும் கூட. நாற்காலியோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டை நீர் அருகே அவிழ்த்துவிடுங்கள். நாற்காலி தண்ணீரில் போனால் ஆள் அதோடு போகக் கூடாது. பெல்ட் இல்லாமல் உடம்பு நிமிர்ந்து இருக்க முடியாதவர் என்றால், அவர் நாற்காலி நீரிலிருந்து தள்ளி நிற்கட்டும், பக்கத்தில் ஒருவர் எப்போதும் இருக்கட்டும்.

இன்னொன்று, காவிரியில் முதலை உண்டு. ரங்கனதிட்டில் பாறை மேல் வெயில் காய்கிற அதே முதலைகளுக்குக் கீழே உள்ள ஆறும் வீடுதான். உள்ளூர் மீனவரிடம் கேட்டு, அவர் வேண்டாம் என்கிற இடத்தில் உட்காராதீர்கள். கால் நீரில் தொங்கக் கூடாது. மீனைக் கரையிலேயே அறுத்துக் குடலை ஆற்றில் வீசக் கூடாது.

ஆற்று மட்டம் எந்த நேரமும் உயரலாம். மேலே கிருஷ்ணராஜசாகர் அணை இருக்கிறது. அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 124.80 அடி. அணை நிறையும் தறுவாயில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். எவ்வளவு கன அடி நீர் திறக்கிறார்கள் என்பதைக் கிளம்பும் நாள் காலையிலும் செய்தியில் பார்த்துவிடுங்கள். கரையில் ஒரு குச்சியை நட்டு, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே சிவப்புத் துணி கட்டுங்கள். நீர் துணியைத் தொட்டால் பேச்சில்லை, மேலே ஏற வேண்டும். முதல் மீன் மாட்டுவதற்கு முன்பே ஒருமுறை பயிற்சியாக மூன்று நாற்காலிகளையும் வண்டி வரை கொண்டுபோய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலிக்கு ஒருவர் வீதம் வலுவான மூவர், கூடவே தூண்டிலைத் தொடாமல் வண்டிக்கும் ஆற்று மட்டத்துக்கும் பொறுப்பாக ஒருவர், இதற்குக் குறைந்த துணையோடு போக வேண்டாம்.

உங்கள் தம்பிக்கென்று சில வார்த்தைகள். உணர்வில்லாத தோல் புகார் சொல்லாது. அரை மணிக்கு ஒரு முறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கவோ பக்கம் சாயவோ வேண்டும். மீன் இழுக்கும் பரபரப்பில் இது மறந்துபோகும், ஆகவே கைப்பேசியில் மணி வையுங்கள். நாற்காலி மெத்தையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரக் கூடாது. வண்டி இருக்கையிலும் அதைப் போட்டுத்தான் உட்கார வேண்டும். நடக்காதவர்தானே என்று வெறுங்காலோடு வரவும் கூடாது. பாறைச் சூடும் முள்ளும் தெரியாமலே புண் ஆகிவிடும். மூடிய காலணி அவசியம். நண்பர்களில் யாருக்காவது நெஞ்சு மட்டத்துக்கு மேல் அடிபட்டிருந்தால் உடம்பில் வேர்வையே சரியாக வராது, சூடு உள்ளேயே தங்கும். அவருக்கு நிழலும், தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும், கழுத்தில் ஈரத் துணியும் கட்டாயம். பதினொரு மணிக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். மாலை வரை இருந்து இருட்டில் கரையேறும் திட்டம் எதுவும் வேண்டாம்.

காலிப்பர் அணிந்த நண்பருக்குத்தான் எல்லாரையும்விடக் கவனம் தேவை. நடக்கிறாரே என்று அவரை விட்டுவிடுவார்கள். ஈரப் பாறையில் ஊன்றுகோலின் ரப்பர் முனை வழுக்கும். தேய்ந்த முனையை மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி ஒன்று அவருக்கும் வேண்டும். தரையில் உட்கார்ந்தால் எழுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.

ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் பூட்டி ஓட்டுகிறேன். மைசூர் விரைவுச் சாலையில் நானே ஓட்டிக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் போகலாமா?
*வாசகர், ஸ்ரீராம்புரம்*

முதன்மைப் பாதையில் போக முடியாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதில் இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்குத் தடை. பக்கத்தில் ஓடும் சர்வீஸ் ரோட்டில் போகலாம், ஆனால் இடையிடையே ஊர்களுக்குள் நுழைந்து வெளிவர வேண்டும். முதுகு தாங்குமா என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால், நண்பர்களோடு வண்டி பகிர்ந்து போங்கள். ஆற்றில் செலவழிக்க வேண்டிய தெம்பைச் சாலையில் செலவழிக்க வேண்டாம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை சரியாக வேலை செய்வதில்லை. பின்னி மில்லில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிறு தோறும் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். இப்போது தூண்டிலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒரு கையால் முடியுமா அம்மா?
*வாசகி, ஹலசூரு*

முடியும். என் அப்பாவும் அதே மில்தான். எனக்குத் தூண்டில் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அந்தத் தலைமுறைக்கு என்னவாக இருந்தன என்று எனக்குத் தெரியும்.

நூல் சுற்றும் ரீல்களில் பெரும்பாலானவற்றில் கைப்பிடியைக் கழற்றி வலமோ இடமோ மாற்றிப் பூட்டலாம். ஆனால் சுழற்றும் கை ஒன்று, கம்பைப் பிடிக்கும் கை ஒன்று என்று இரண்டு வேண்டும் அல்லவா? கம்பைப் பிடிக்க ஏற்பாடு செய்துவிட்டால் இடக்கை சுழற்றும். நாற்காலிக் கையில் ஒரு சாண் பி.வி.சி. குழாயைச் சாய்வாகக் கவ்வியால் இறுக்குங்கள். கம்பின் அடிப்பகுதி அதில் உட்காரும். கம்புக்கும் தரையில் அடித்த முளைக்கும் இடையே ஒரு கயிறு கட்டிவிடுங்கள், பெரிய மீன் இழுத்தாலும் கம்பு போகாது. அந்தக் கயிற்றை நாற்காலியிலோ அப்பாவின் உடம்பிலோ மட்டும் கட்டிவிடாதீர்கள். விரலால் ஒரு பொத்தானை அழுத்தி விட்டாலே நூல் ஓடும் மூடிய ரீல்களும் கிடைக்கின்றன. முதல் முறைக்கு அவைதான் எளிது. கம்பு ஆறேழு அடிக்கு மேல் வேண்டாம்; உட்கார்ந்திருப்பவருக்கு நீளக் கம்பு தோளைக் கொல்லும்.

முடிச்சுகளை எல்லாம் முதல் நாளே வீட்டில் போட்டுவிடுங்கள். முள், ஈயக்குண்டு, தக்கை எல்லாம் கட்டிய தங்கூசி நரம்புகளைச் சிறு அட்டையில் சுற்றி வைத்தால், கரையில் கொக்கியில் மாட்டினால் போதும். முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி மழுக்கிவிடுங்கள், கையில் குத்தினாலும் எளிதாக வெளியே வரும். இரை கோக்க, ஒரு தெர்மாகோல் துண்டில் முள்ளைக் குத்தி நிறுத்தினால் ஒரு கையாலேயே கோத்துவிடலாம். மண்புழு நெளியும், சிரமம். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கிண்டிப் பிசைந்த உருண்டை ஒரு கைக்கு ஏற்றது. காவிரித் தூண்டில்காரர்களின் பழைய இரையும் அதுதான். நெல்லிக்காய் அளவுக்கு உருட்டிப் போங்கள், கெண்டையும் ரோகுவும் விரும்பும்.

முதலில் ஆற்றுக்கு அழைத்துப் போகாதீர்கள். ஊரைச் சுற்றிலும் காசு கட்டி மீன் பிடிக்கும் தனியார் குளங்கள் இருக்கின்றன. மட்டமான கரை, ஓட்டமில்லாத நீர். வாரநாள் காலையில், கூட்டம் இல்லாதபோது போங்கள். கை தடுமாறுவதை வேறு யாரும் பார்க்காமல் இருப்பது அவருக்கு முக்கியம். பிறகு ஒன்று: தக்கை அமிழ்ந்ததும் நீங்கள் பாய்ந்துபோய்க் கம்பைப் பிடிக்காதீர்கள். மீன் தப்பினால் தப்பட்டும். அவர் கேட்டால் மட்டும் கைவலையை நீட்டுங்கள்.

நான் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண். போக ஆசை. "அங்கே கழிப்பறைக்கு எங்கே போவாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே அம்மா?
*வாசகி, கம்மனஹள்ளி*

சரியில்லை, கண்ணம்மா. தயவுசெய்து அப்படிச் செய்யாதே. வெளியே கிளம்பினால் முதல் நாள் இரவிலிருந்தே வாயில் தண்ணீர் படாமல் இருக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுநீர்த் தொற்று, மயக்கம், வெயில் தாக்கு எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

வீட்டில் கேட்ட கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் தயார் செய்தால் போதும். மடக்கும் கமோடு நாற்காலி மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும். அதோடு, நான்கு பக்கமும் மூடிய, ஆள் நிற்கும் உயரமுள்ள சிறு கூடாரம் ஒன்று. கூடாரத்தை உன் நாற்காலி அகலத்தை அளந்து வாங்கு. கதவு வழி ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, உள்ளே நாற்காலியைக் கமோடுக்குப் பக்கத்தில் நிறுத்தி மாறுவதற்கு இடம் வேண்டும். அதை நீரிலிருந்து வெகு தொலைவில், வண்டியை ஒட்டிக் கெட்டியான தரையில் போடச் சொல். கழிவைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆற்றங்கரையில் விடக் கூடாது. வழியில் நெடுஞ்சாலை உணவகங்களில் நிறுத்தும்போது "வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல், வாசலில் படி உண்டா, கதவு எவ்வளவு அகலம் என்று துணைக்கு வருபவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். குழுவில் குறைந்தது இன்னொரு பெண் இருக்க வேண்டும் என்று நீயே நிபந்தனை போடு. அது சலுகை கேட்பதல்ல.

உன் நாற்காலி பழையதாகவோ அளவு சேராததாகவோ இருந்தால் லிங்கராஜபுரத்தில் உள்ள ஏ.பி.டி. (அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிசபிலிட்டி) அமைப்பில் கேட்டுப் பார். 1959-லிருந்து உடல் ஊனமுற்றவர்களுக்காக வேலை செய்கிறார்கள்.

நான் கல்லூரி மாணவன். இப்படி ஒரு குழுவோடு தன்னார்வலராகப் போகிறேன். எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது?
*வாசகர், கே.ஆர். புரம்*

நாற்காலியைத் தொடுவதற்கு முன் கேள், தம்பி. அது அவர் உடம்பின் பகுதி. தூக்க வேண்டிய இடம் வந்தால் எங்கே பிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவரே சொல்லட்டும். கைப்பலகை, கால்பலகை சில நாற்காலிகளில் கழன்று கையோடு வந்துவிடும். அசையாத சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். ஒருவர் எண்ண, எல்லாரும் சேர்ந்து தூக்க வேண்டும். பேட்டரி நாற்காலியைத் தூக்க நினைக்காதே, ஆளோடு சேர்த்து எடை நூறு கிலோவைத் தாண்டிவிடும்.

108, 112 இரண்டு எண்களும் உனக்குத் தெரிந்தவைதான். ஆனால் ஆம்புலன்ஸ் கேட்கும் முதல் கேள்வி "எங்கே இருக்கிறீர்கள்?" என்பது. ஆற்றங்கரைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடைசியாகக் கடந்த ஊரின் பெயர், எந்தக் கரை, பக்கத்துக் கோயிலோ பள்ளியோ எது என்பதைக் கன்னடத்திலும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள். கைப்பேசி அலை கிடைக்கிறதா என்று போனவுடன் பார். கிடைக்காவிட்டால் எங்கே கிடைக்கிறது என்று நடந்துபோய்க் கண்டுபிடி.

மகசீர் மாட்டினால் என்ன செய்வது?
*வாசகர், ஜீவன் பீமா நகர்*

விட்டுவிடுங்கள், அதுவும் உடனே. காவிரியின் திமில் மகசீர் எந்த இனம் என்று ஆய்வாளர்கள் உறுதி செய்ததே 2018-ல்தான். அதே ஆண்டு அது முற்றிலும் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. 1946-ல் மைசூர்ப் பக்கத்தில் 120 பவுண்டு எடையுள்ள ஒன்றைத் தூண்டிலில் பிடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. உட்கார்ந்தபடி மீனை மடியில் எடுத்துப் படம் பிடிக்க ஆசையாக இருக்கும். வேண்டாம். கைவலையோடு நீரிலேயே வைத்து, குறடால் முள்ளை எடுத்து, துணைக்கு இருப்பவர் வலையைச் சாய்த்துவிட்டால் அது தானாகப் போய்விடும். சாப்பாட்டுக்கு ஜிலேபிக் கெண்டை பிடியுங்கள். அது இந்த ஆற்றுக்கு வெளியிலிருந்து வந்தது, எடுப்பதில் பாவமில்லை.

பிள்ளைகளுக்குத் தசரா விடுமுறைதான் வசதி. அக்டோபரில் போகலாமா?
*வாசகர், பேகூர்*

அணை நிறைந்து நீர் திறந்துவிடும் ஆண்டில் போகாதீர்கள். நீர் குறைந்துவிட்டது என்று தெரிந்தாலும் கரை மண் ஈரம் காய்வதற்கு இன்னும் சில வாரம் ஆகும். நாற்காலிச் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால் நான்கு பேர் சேர்ந்தாலும் திணறுவார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள். ஆறு தெளிந்திருக்கும், தரை இறுகியிருக்கும், பத்து மணி வரை வெயிலும் தாங்கும். அதற்குள் அக்டோபர் விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரை பார்க்கப் போய் வாருங்கள், அளவு நாடாவை மறக்காமல்.